மாவு மிஷின் கடையில் மூன்றாவது கேள்வி

எழுத ஆரம்பிக்கும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். அதிலும் கடைசி வருஷம் பருத்தி எடுக்கிற நாட்களில் பள்ளிக்கூடம் போகவில்லை. எழுத்து கோணலாக வரும். பெயர்கள் நடுவில் மறந்துபோகும். முன்னால் நடந்ததைப் பின்னால் சொல்லிவிடுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தேனியில் நான் வேலை பார்த்த மிஷின் கடையில் இப்போது இருக்கிற பெண்பிள்ளைகள் கேட்டதால் எழுதுகிறேன். வாயால் சொல்லுங்கள் என்றுதான் கேட்டார்கள். எதிரில் ஆள் இருந்தால் எனக்குப் பேச்சு வராது. நோட்டு வாங்கிக் கொடுங்கள், எழுதித் தருகிறேன் என்றேன். இரண்டு நோட்டு வாங்கி வந்துவிட்டார்கள். அவ்வளவு இருக்காது.

வீட்டிலேயே மாவு அரைக்கிற மிஷின் வாங்க இப்போது மறுபடியும் ஆட்கள் வருகிறார்களாம். செல்போனில் பார்த்துவிட்டு வந்து, எத்தனை வாட், எத்தனை கிலோ, சத்தம் எவ்வளவு என்றெல்லாம் கேட்கிறார்களாம். வாங்கிப்போன ஆறு மாதத்தில் சிலர் அதைத் துணி போட்டு மூடி, மேலே இட்லிப் பானையை வைத்துவிடுகிறார்களாம். "நீங்க இருந்தப்ப எப்படிப் பார்த்து எடுத்துக் குடுத்தீக?" என்று அந்தப் பிள்ளைகள் கேட்டார்கள். நான் எடுத்துக் கொடுத்ததில் ஒன்று தப்பாகப் போனது. அதுதான் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சரியாகப் போனவர்கள் யாரும் திரும்பி வந்து சொல்லவில்லை.

வேலைக்குச் சேர்ந்த கதை சின்னது. எங்கள் வீடு அல்லிநகரத்தில். வீட்டுக்காரர் வத்தல் குடோனில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். அறுபதுகளின் கடைசியில் ஒரு நாள் மூட்டையோடு வழுக்கி விழுந்தார். இடுப்பு பழையபடி நிமிரவில்லை. அதற்கப்புறம் அவர் குடோன் வாசலில் காவலுக்கு உட்கார்ந்தார், நான் கடைக்கு மாவு சலிக்கப் போனேன். ஆறு மாதம் சலித்தேன், கூட்டினேன், மிஷின்களைத் துடைத்தேன். அதைப் பயிற்சி என்று சொல்லலாமா தெரியவில்லை. வேறு பயிற்சி எனக்கு யாரும் கொடுக்கவில்லை.

கடையில் ஆயில் என்ஜின் சாமான், பம்பு சாமான், தராசு எல்லாம் உண்டு. உள்பக்கம் ஒரு தடுப்பு வைத்து, அதற்குப் பின்னால் மாவு மிஷின்கள். மூன்று தினுசு இருந்தன. ஒன்று, பலகையில் திருகி மாட்டுகிற சின்னக் கை மிஷின். இரண்டாவது, இரும்புக் கால்களில் இடுப்பு உயரத்துக்கு நிற்கிற சக்கர மிஷின். அதையும் கடையில் நின்றுகொண்டு கையால்தான் சுற்றுவோம். சக்கரம் சாப்பாட்டுப் பந்தியில் சோறு கொட்டுகிற தாம்பாளம் அகலம் இருக்கும். அதன் விளிம்பைச் சுற்றிப் பள்ளமாகக் காடி வெட்டியிருக்கும். மூன்றாவது, கரண்டில் ஓடுகிற கல் மிஷின். அது ஒன்றே ஒன்று. கரண்ட் இருந்தால் ஓடும். அந்த வருஷங்களில் கரண்ட் வெட்டு அதிகம், அதனால் அது பெரும்பாலும் பார்வைக்குத்தான் இருந்தது.

ஊருக்கு ஊர் அரவை மில் இருக்கும்போது வீட்டுக்கு எதற்கு மிஷின் என்று கேட்பீர்கள். மில்லில் நமக்கு முன்னால் ஒருத்தி மிளகாய் அரைத்திருந்தால் நம் கேப்பை மாவு அன்றைக்குக் காரமாக வரும். மழைக்காலத்தில் நிறைய அரைத்து வைத்தால் வண்டு விழும். தோட்டத்து வீடுகளில் இருக்கிறவர்கள் தலைச்சுமையாக மூன்று மைல் நடக்க வேண்டும். இதெல்லாம்தான் காரணம்.

கடை முதலாளி பெயர் சாமுவேல். மெலிந்த ஆள். சட்டைப் பையில் பேனாவுக்குப் பதிலாகச் சின்ன ஸ்பேனர் வைத்திருப்பார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் குரல் இன்னும் தணிந்துவிடும். எங்களையெல்லாம் வா போ என்றுதான் பேசுவார். அது அன்பாக இருக்கிறார் என்று அர்த்தம். வாங்க போங்க என்று சொன்னால் அன்றைக்கு யாரும் அவர் பக்கம் போக மாட்டார்கள்.

மிஷின் காட்டுவதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். வாங்க வருகிறவர்கள் அவரவர் வீட்டுத் தானியத்தை ஒரு படி கொண்டுவர வேண்டும். கடைத் தானியத்தில் காட்டவே மாட்டார். "நம்ம தானியம் கடை மாடியில காய்ஞ்சது. எந்த மிஷினுக்கும் பணிஞ்சு போகும். அவுக வீட்டுத் தானியம் அப்படியில்ல" என்பார். கொண்டுவந்ததில் ஒரு மணியை எடுத்துப் பல்லில் கடிப்பார். கடுக்கென்று உடைந்தால் சரி. பல்லுக்கு அமுங்கினால், இன்னும் இரண்டு வெயில் காயப்போட்டுக் கொண்டு வாங்க என்று திருப்பி அனுப்பிவிடுவார். ஈரத் தானியம் உள்ளே அரைக்கிற இரும்புத் தட்டில் அப்பிக்கொண்டு மிஷின்மேல் கெட்ட பெயர் வரும்.

முதலில் விழுகிற இரண்டு கை மாவை யார் கையிலும் கொடுக்க மாட்டார். அதில் இரும்பின் கறுப்பு இருக்கும். அடுத்து விழுகிற மாவைப் புறங்கையில் வாங்குவார். சுட்டால் தட்டு இறுக்கமாக இருக்கிறது. பக்கவாட்டில் உள்ள திருகாணியைக் கொஞ்சம் தளர்த்துவார். அளவு மீறித் தளர்த்தினால் மாவு குருணையாக விழும். பிறகு ஒரு சிட்டிகை எடுத்துக் காதோரம் வைத்து இரண்டு விரலால் தேய்ப்பார். சரசரவென்று சத்தம் வந்தால் குருணை. சத்தம் இல்லையென்றால் மாவு. கண்ணுக்கு நைசாகத் தெரிகிற மாவுகூடக் காதில் சொல்லிவிடும்.

இவ்வளவும் தெரிந்த மனிதருக்கு ஒரு சங்கடம் இருந்தது. வாங்க வருகிற வீட்டுப் பெண்கள் அவரிடம் பேச மாட்டார்கள். வீட்டுக்காரர் முதுகுக்குப் பின்னால் நின்று தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள். வீட்டுக்குப் போனபிறகு சரியில்லை என்பார்கள். எனக்கு முன்னால் மிஷின் காட்ட ஒரு ஆள் இருந்தார். நன்றாகப் பேசுவாராம். அவர் பேச்சில் மயங்கி ஆண்கள் வாங்கினார்கள், பெண்கள் திருப்பி அனுப்பினார்கள். ஒரு நாள் முதலாளி என்னிடம் வந்து, "முருகாயி, நாளையிலருந்து நீ காட்டு" என்றார். எனக்கு வாய் வராதே என்று சொல்வதற்கும் வாய் வரவில்லை. அவருக்கே புரிந்துவிட்டது. "நீ ஒண்ணும் பேச வேணாம். நீ பேசாம இருந்தா அவளுக பேசுவாளுக" என்றார்.

அப்படித்தான் நடந்தது. ஆண்களை முதலாளி வெளியே பெஞ்சில் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்து, என்ஜினைப் பற்றியும் பம்பைப் பற்றியும் பேசிக்கொண்டிருப்பார். பெண்கள் தடுப்புக்கு உள்ளே என்னிடம் வருவார்கள். நான் கேட்க வேண்டியது மூன்றே கேள்வி. வீட்டில் எத்தனை பேர். என்ன தானியம். யார் அரைக்கப் போகிறார்கள். மூன்றாவது கேள்விதான் முக்கியம் என்று முதலாளி சொல்வார். மற்ற இரண்டுக்கும் யார் வேண்டுமானாலும் பதில் சொல்லலாம் என்பார். ஏன் அப்படிச் சொல்கிறார் என்று நான் அப்போது யோசிக்கவில்லை.

இந்த ஏற்பாட்டில் ஒரு குறை இருந்தது. அது எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. மாவைப் பற்றிய பேச்சு எல்லாம் உள்ளே நடந்தது. என்ஜின், பெல்ட் பேச்சு எல்லாம் வெளியே நடந்தது. சக்கர மிஷினின் விளிம்பில் உள்ள காடியை நான் ஐந்து வருஷமாகத் துணியை மடித்துவிட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன். அழுக்குச் சேர்வதற்கென்றே கம்பெனிக்காரன் வைத்தது என்று நினைத்திருந்தேன்.

எழுபதுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாளி மிஷின் தட்டுகள் வாங்க மதுரை போயிருந்தார். கல்லாவில் அவர் மச்சினர் உட்கார்ந்திருந்தார். அவருக்கு ரேடியோ கேட்பதைத் தவிர வேறு வேலை பழக்கமில்லை. அன்றைக்குச் சின்னமனூர்ப் பக்கத்திலிருந்து ஓர் அம்மாவும் அவர் தம்பியும் வந்தார்கள். அம்மாவின் பெயர் அங்கம்மா. தம்பி மகளை அங்கம்மாவின் மகனுக்குக் கட்டுகிறார்கள். கல்யாணச் சீரில் பெண் வீட்டார் ஒரு மாவு மிஷின் வைப்பதாகப் பேச்சு. பெண்ணைப் பெற்ற தம்பி வழக்கப்படி வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, பேச முதலாளி இல்லாததால் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கம்மா உள்ளே வந்தார். நல்ல உயரம், வெற்றிலை வாய்.

"இந்தா ஆத்தா, சக்கரம் வச்ச மிஷினு எங்கன இருக்கு?"

காட்டினேன். சுற்றி வந்து பார்த்தார்.

"வீட்டுல எத்தனை பேருங்க?" என்று ஆரம்பித்தேன்.

"ஏழு பேரு. மருமக வந்தா எட்டு."

"என்ன தானியம்?"

"பாதி நாளு கேப்பை. மீதி நாளு சோளம், கம்பு."

"யார் அரைக்கப் போறாக?"

"வேற யாரு, வாரவதேன். எந்தம்பி மக பேச்சி."

"எட்டுப் பேருக்குச் சின்னதே போதுங்களே" என்றேன்.

"எட்டுப் பேருக்கு மட்டும்னு யார் சொன்னா? எங்க தோட்டத்தச் சுத்திப் பதினஞ்சு வீடு கெடக்கு. எல்லாருக்கும் அரைக்கணும்னா ஊருக்குள்ள நடக்கணும். மிஷினு வந்தா அவளுகளும் கொண்டாந்து குடுப்பாளுக."

"மிஷின எங்கன போடுவீக?" என்று கேட்டேன். அது மூன்று கேள்வியில் இல்லாத கேள்வி.

"கெணத்தடியில. அங்கன ஒரு கொட்டகை இருக்கு."

"அந்தப் பிள்ளைக்கு முடியுமா?"

"அவளுக்குப் பெருசுதேன் வேணுமாம். வேற எதையும் தூக்கிட்டு வந்துராதீகன்னு சொல்லிவிட்டுருக்கா."

இங்கே என் கதையை இரண்டு வரி சொல்ல வேண்டும். எனக்குக் கல்யாணமானபோது பதினாறு வயது. மாமியார் வீட்டில் பதினொரு பேர். திருகைச் சத்தம் காதை அடைக்கிறது என்று மாமியார் அதைத் தூக்கித் தொழுவத்துக்குப் பக்கத்தில் போட்டுவிட்டார். ஆறு வருஷம் நான் அங்கேதான் அரைத்தேன். பக்கத்து வீட்டார் தானியத்தையும் வாங்கிக் கொடுப்பார், "எங்க மருமகளுக்கு அரைக்கிறதுன்னா ஆசை" என்பார். இன்றைக்கும் என் வலது மணிக்கட்டு முழுதாகத் திரும்பாது.

அதனால் அங்கம்மா சொன்னது எனக்கு வேறு மாதிரிக் கேட்டது. கிணற்றடியில், வெயிலில், பதினாறு வீட்டுத் தானியத்தையும் அந்தப் பெண் நின்றுகொண்டே சுற்றப்போகிறாள். கேட்டால் அவளேதான் ஆசைப்பட்டாள் என்று சொல்லப்போகிறார்கள். அந்தப் பெண்ணின் கைக்கு இந்தக் கடையில் என்னை விட்டால் ஆள் இல்லை என்று தோன்றியது. முதலாளியும் ஊரில் இல்லை.

அங்கம்மா கொண்டுவந்த கேப்பையில் ஒரு மணியைக் கடித்துப் பார்த்தேன். கடுக்கென்று உடைந்தது. கழுவி, மண் அரித்து, நன்றாகக் காய்ந்த தானியம். எந்த மிஷினிலும் நைசாக வரும். நான் சக்கர மிஷினைத் துடைப்பதுபோல் அவருக்கு முதுகைக் காட்டி நின்று, திருகாணியை முக்கால் சுற்றுத் தளர்த்தினேன்.

பிறகு அரைத்துக் காட்டினேன். முதல் இரண்டு கையைத் தள்ளிவிட்டு மூன்றாவது கையை அவரிடம் கொடுத்தேன். காதோரம் வைத்துத் தேய்க்கச் சொன்னேன். தேய்த்தார்.

"என்னது, சத்தம் போடுது?"

"பெரிய சக்கரத்துல கேப்பை இப்படித்தாங்க வரும்."

கடையில் நான் சொன்ன முதல் பொய் அது. வாய் வராத எனக்கு அது மட்டும் தடங்கல் இல்லாமல் வந்தது. அடுத்து, சின்ன மிஷினைத் திருகாணி சரியாக வைத்து ஓட்டினேன். மாவு பூவாக விழுந்தது. அங்கம்மா இரண்டு மாவையும் மாற்றி மாற்றி வாயில் போட்டுப் பார்த்தார். என்னையும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பேச்சி திட்டுவா. ஆனா மிஷினு பெருசா இருந்து என்னத்தச் செய்ய, களி வாயில மணலாட்டம் கெடந்தா?" என்றார். வெளியே பார்த்து, "ஏலே தம்பி, காலண்டரப் பாத்தது போதும், உள்ள வா" என்று கூப்பிட்டார். சின்ன மிஷினைத் தம்பி தோளில் தூக்கிக்கொண்டு போனார்.

முதலாளி வந்ததும், சின்னது ஒன்று போயிருக்கிறது, எட்டுப் பேர் வீடு என்று சொன்னேன். சரி என்றார். அந்த மாதம் முழுவதும் நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன், நிம்மதியாகத் தூங்கினேன். முகம் தெரியாத ஒரு பெண்ணை நினைத்து அப்படிச் சந்தோஷமாக இருந்தது அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை.

கல்யாணம் முடிந்து ஒரு மாதம் இருக்கும். ஒரு நாள் காலையில் மஞ்சள் கயிறு புதுசு மாறாத பெண் ஒருத்தி சாக்கு மூட்டையோடு கடைக்கு வந்தாள். கூட வீட்டுக்காரர். அவர் பழக்கம்போல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அவள் தடுப்புக்கு உள்ளே வரவில்லை. நேராக முதலாளி மேஜைக்குப் போனாள். சாக்கைப் பிரித்துச் சின்ன மிஷினை எடுத்து மேஜைமேல் வைத்தாள். எங்கள் கடையில் ஒரு பெண் முதலாளியோடு நேருக்கு நேர் பேசியதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"முதலாளி, இது எனக்கு வேணாம். நான் கேட்டுவிட்டது சக்கர மிஷினு."

"ஏம்மா, இதுல என்ன கோளாறு?"

"இதுல ஒரு கோளாறும் இல்ல. கோளாறு இங்கனதேன்" என்று இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினாள். கொப்புளம் உடைந்து, அதன்மேல் இன்னொரு கொப்புளம் வந்திருந்தது. "எட்டுப் பேருக்குத் தினம் ஒண்ணரை மணி நேரம் சுத்தறேன். எங்க கெணத்துல ஆயில் என்ஜின் இருக்கு. ஒரு பக்கம் பம்பு ஓடுது, இன்னொரு பக்கம் புல்லி சும்மா சுத்துது. அதுலருந்து உங்க சக்கரத்துக்கு ஒரு பெல்ட்டப் போட்டா நான் எதுக்குச் சுத்தணும்? கூடலூர்ல எங்க சித்தி வீட்டுல அப்படித்தேன் ஓடுது. சக்கரத்துல காடி வெட்டி இருக்குல்ல, அது எதுக்காம்?"

"அதுக்குத்தேன்" என்றார் முதலாளி.

தடுப்புக்குப் பின்னால் நான் அந்தக் காடியைத்தான் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைப்பதை நிறுத்தினேன்.

"அப்பறம் ஏன் எங்க அத்தைகிட்ட சக்கர மிஷினுல குருணைதேன் வரும்னு சொன்னீக?"

"யாரு சொன்னா?"

"இங்கன ஒரு அக்கா இருக்காகளாமே. பேரு தெரியல. பேசாத அக்காவாம்."

முதலாளி என்னைக் கூப்பிடவில்லை. எழுந்து உள்ளே வந்தார். அந்தப் பெண்ணும் வந்தாள். கையில் ஒரு படி கேப்பை முடிந்து வைத்திருந்தாள். அத்தை கொடுத்துவிட்டாராம். முதலாளி சட்டைப் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்துச் சக்கர மிஷினின் திருகாணியைச் சரியாக வைத்தார், தானியத்தைக் கொட்டினார், தானே சுற்றினார். மாவைப் புறங்கையில் வாங்கினார். ஒரு சிட்டிகை எடுத்துத் தன் காதில் தேய்த்தார். பிறகு இன்னொரு சிட்டிகை எடுத்து என்னிடம் கொடுத்தார்.

"என்ன சொல்லுது?"

"ஒண்ணும் சொல்லலைங்க முதலாளி."

"அன்னைக்கு என்ன சொல்லுச்சு?"

அங்கேயே பூமி பிளந்து உள்ளே போனால் தேவலை என்று இருந்தது. கடை சிமெண்டுத் தரை. வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது என்பதும் தெரியும். இருந்தாலும் சொன்னேன். விற்ற கணக்கையும் "சரிங்க முதலாளி" என்பதையும் தாண்டி, நானாக அவரிடம் சொன்ன முதல் பேச்சு அதுதான்.

"திருகாணிய நாந்தேன் தளர்த்துனேன். முக்கா சுத்து."

"எதுக்கு?"

"அந்தப் பிள்ளைக்குக் கை நோகக் கூடாதுன்னு."

மூன்று பேரும் அவள் கையைப் பார்த்தோம்.

வெளியே மச்சினரின் ரேடியோவில் யாரோ உரம் போடுவதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பேச்சிதான் முதலில் பேசினாள். கோபமாகக்கூட இல்லை, தெரிந்துகொள்ளக் கேட்பதுபோல் கேட்டாள்.

"ஏங்க்கா, எனக்குக் கை நோகும்னு நான் உங்ககிட்ட வந்து சொன்னேனா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"எங்க அத்த சொன்னுச்சுல்ல, நான் பெருசுதேன் கேட்டேன்னு?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

முதலாளி ஸ்பேனரைப் பைக்குள் வைத்தார். குரல் நன்றாகத் தணிந்திருந்தது. "முருகாயி, நீங்க நாளைக்குச் சின்னமனூர் போங்க" என்றார். அவர் என்னைப் போங்க என்று சொன்னது அந்த ஒரு தடவைதான். "சக்கர மிஷினக் கொண்டுபோய் இறக்கி, பெல்ட்டப் போட்டு, மாவு சரியா வந்த பின்னாடி வாங்க" என்றார். வேலை இருக்கிறதா இல்லையா என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மறுநாள் பஸ் மேலே மிஷினை ஏற்றிப் பேச்சியின் வீட்டுக்காரரோடு போனேன். தோட்டத்தில் வாழைக்கு நடுவே கிணறு. பக்கத்தில் ஓடு போட்ட கொட்டகை. நான் நினைத்ததுபோல் வெயில் இல்லை, நல்ல நிழல். என்ஜினின் ஒரு பக்கம் பம்பு, மறுபக்கம் ஒரு சின்னப் புல்லி. புல்லிக்கும் சக்கரத்துக்கும் நேராக நூல் பிடித்து மிஷினை நிறுத்தினோம். நூலின் ஒரு முனையை நான் பிடித்தேன், மறுமுனையைப் பேச்சி பிடித்தாள். "நீங்க கொஞ்சம் அங்கிட்டு நகருங்கக்கா" என்று அவள்தான் சொல்லிக்கொண்டே இருந்தாள். என்ஜினை அவளே சுற்றிக் கிளப்பினாள். பெல்ட் இரண்டு தடவை கழன்று விழுந்தது. மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது. திருகாணியைத் திருப்புகிற வேலையை என்னிடம் கொடுத்தாள். கால் சுற்றுத் தளர்த்தி, மாவைப் புறங்கையில் வாங்கி, சுடுகிறதா என்று பார்த்து, மறுபடி ஒரு நூலளவு இறுக்கினேன். ஒன்றரை மணி நேர மாவு, வெற்றிலை போட்டுத் துப்புகிற நேரத்தில் விழுந்து முடிந்தது.

வெற்றிலை போட்டுத் துப்பியது அங்கம்மா. சல்லடையோடு ஓரமாக உட்கார்ந்திருந்தார். நான் போனதிலிருந்து அவர் பக்கம் பார்க்கவில்லை.

"என்ன குருணைக்காரி, இன்னைக்கு மாவு பேசாம இருக்கா?" என்றார்.

"இருக்குங்க."

"எந்தம்பி மகளத் தொட்டில்ல போட்டு ஆட்டுனதே நாந்தேன். அவ இந்த வீட்டுக்கு வந்து விளக்கேத்துறதுக்கு முன்னாடியே என்னையக் கொடுமைக்கார மாமியாளாக்கிட்டியே ஆத்தா."

அந்த மாவிலேயே களி கிண்டிக் கருவாட்டுக் குழம்பு ஊற்றிக் கொடுத்தார்கள். முதல் உருண்டையை நான் வாயில் வைக்கும் வரை அங்கம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். "மணல் இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அதற்குள் பக்கத்துத் தோட்டத்திலிருந்து இரண்டு பேர் சொளகில் சோளத்தோடு வந்துவிட்டார்கள்.

திரும்பி வந்தபோது முதலாளி, "மாவு எப்படி வருது முருகாயி?" என்று மட்டும் கேட்டார். வாங்க போங்க இல்லை. வேலை இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

அதற்கப்புறம் கடையில் இரண்டு மாற்றம் வந்தது. ஒன்று, தடுப்பை எடுத்துவிட்டார். பெண்களும் பெல்ட்டைப் பற்றிக் கேட்டார்கள், ஆண்களும் மாவைக் காதில் தேய்த்துப் பார்த்தார்கள். ஆண்கள் காதில் அவ்வளவாகக் கேட்காது. இரண்டாவது, மூன்றாவது கேள்விக்கு வேறு ஆள் பதில் சொன்னால் எடுத்துக்கொள்ள மாட்டோம். யார் அரைக்கப் போகிறார்களோ அவர்களே வர வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணைக் கடைத்தெருவுக்குக் கூட்டி வர முடியாது என்று சில வீட்டார் கோபித்துக்கொண்டு போனார்கள். அதனால் முதலாளி என்னைப் பெண் வீட்டுக்கே அனுப்பினார். நானும் அந்தப் பெண்ணும் எதிரெதிரே உட்கார்ந்து, இரண்டு பேரும் பேசாமல் கொஞ்ச நேரம் இருப்போம். பிறகு கேட்பேன். கம்பத்தில் ஒரு பெண், "நான் அரைக்க மாட்டேன், எனக்குத் தும்மல் வரும், அவுக அரைக்கட்டும்" என்றாள். அதன்படி மாப்பிள்ளையைக் கூப்பிட்டுச் சுற்ற வைத்துப் பார்த்தோம். இன்னொரு பெண் தனக்கு மாவு மிஷினே வேண்டாம், தையல் மிஷின்தான் வேண்டும் என்றாள். அதை அவள் அப்பாவிடம் நான் சொல்ல வேண்டியதாயிற்று. சொல்லி முடிக்க எனக்கு ஒரு சொம்புத் தண்ணீர் தேவைப்பட்டது. முதலாளியிடம் சொன்னேன், ஒரு வியாபாரம் போய்விட்டது என்று. அவர், "போகட்டும். மிஷினு சாக்குல திரும்பி வராதுல்ல" என்றார்.

பேச்சி திருப்பிக் கொடுத்த சின்ன மிஷினை முதலாளி என்னை வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார். தண்டனையா பரிசா என்று நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அதைச் சுற்றியது நான் இல்லை, வீட்டுக்காரர். உட்கார்ந்த இடத்தில் செய்கிற வேலை என்று அவரே எடுத்துக்கொண்டார். நாங்கள் நான்கு பேர். முக்கால் மணி நேரம் ஆகும். அவருக்கும் முதலில் கொப்புளம் வந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

எண்பதுகளில் கரண்ட் மிஷின் நிறைய வந்தது. பார்க்க அழகாக, பீரோ மாதிரி வெள்ளைப் பெயிண்ட் அடித்து வந்தது. வாங்குகிறவர்கள் பெயிண்டைத் தடவிப் பார்த்தார்கள். நான் அதே மூன்று கேள்வியைத்தான் கேட்டேன். கண் மங்கி, முட்டி வலி வந்து கடையிலிருந்து நிற்கிற வரை வேறு கேள்வி எனக்குத் தெரியவில்லை. வாட்டைப் பற்றி, மிஷின் வாங்கப் போகிற நீங்கள் கடையில் இருக்கிற அந்தப் பிள்ளைகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். தானியத்தை வீட்டிலிருந்து எடுத்துப் போங்கள். கடித்துப் பாருங்கள். காதில் தேய்த்துப் பாருங்கள். அரைக்கப் போகிறவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

கடைசியாக ஒரு உதவி. இதில் சில விஷயம் எனக்கு உறுதியில்லை. பெல்ட் கழன்றது இரண்டு தடவையா மூன்று தடவையா, பக்கத்தில் பதினைந்து வீடா பன்னிரண்டா, என்ஜினைக் கிளப்பியது பேச்சியா அவள் வீட்டுக்காரரா என்பதெல்லாம் சரிபார்க்க வேண்டும். பேச்சி அந்தத் தோட்டத்தில்தான் இருக்கிறாள் என்று கேள்வி. சின்னமனூர்ப் பக்கம் போகிறவர்கள் யாராவது இந்த நோட்டைக் கொண்டுபோய் அவளுக்கு வாசித்துக் காட்டுங்கள். அவள் சொன்னதாக நான் எழுதியிருப்பதை அவள் சொன்னாளா என்று அவளிடமே கேளுங்கள். இல்லை என்றால் அடித்துவிட்டு அவள் சொல்கிறபடி எழுதிக்கொள்ளுங்கள். நோட்டில் இடம் மிச்சம் இருக்கிறது.